ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார்: பழைய நாடகமும் நம் சங்கமும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, நாற்பது வயதுக்குப் பிறகு பெண்களுக்கு வரும் சுகவீனங்களைப் பற்றிப் பேசும்படிதான் கேட்டார். சீனி, பிரஷர், தைரொயிட் இவற்றைப் பற்றி நான் கிளினிக்கில் நாள் முழுதும் பேசுகிறேன். ஒரு நாளாவது வேறெதையாவது பேச விடுங்கள் அக்கா என்று கெஞ்சி வாங்கிய தலைப்பு இது. சீனி பிரஷர் உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். கேக் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள்.

நான் பேச வந்தது ஒரு நாடகத்தைப் பற்றி. 1995ஆம் ஆண்டு இதே மேடையில் நாங்கள் நடித்த நாடகம். ஜே.பி. பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் எழுதிய 'ஆன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்'. எங்கள் ஆங்கில ஆசிரியை அதைத் தமிழாக்கி, மூன்று அங்கங்களையும் ஒரு மணித்தியாலத்துக்குள் சுருக்கி, பத்தாம் ஆண்டு மாணவிகளான எங்களைக் கொண்டு மேடையேற்றினார். ஆண் பாத்திரங்களுக்கெல்லாம் கண்மையால் மீசை வரைந்தோம். இரண்டாம் காட்சியில் ஜெரால்டின் பாதி மீசை கன்னத்துக்கு வந்துவிட்டது. அந்த ஜெரால்ட் இப்போது டொரொன்டோவில் கணக்காளர். மலர் அவருக்குப் போய்ச் சேரும்போது இந்த வரியை வாசித்து என்னைத் திட்டுவார்.

இலண்டனில் இருக்கும் நம் தோழிகளுக்கு இந்நாடகத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்கு இதை வரிவரியாகப் படிக்கிறார்கள். மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன்.

1912ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பிரம்லி என்ற கற்பனைத் தொழில் நகரம். ஆர்தர் பேர்லிங் என்ற ஆலை முதலாளியின் வீட்டில் விருந்து. மகள் ஷீலாவுக்கும் இன்னொரு பெரிய முதலாளியின் மகன் ஜெரால்டுக்கும் நிச்சயதார்த்தம். பேர்லிங் நல்ல உற்சாகத்தில் இருக்கிறார். யுத்தம் வராது, டைட்டானிக் கப்பல் மூழ்காது, அவனவன் தன்னையும் தன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்கிறார். அந்த நேரம் கூல் என்ற பெயருடைய இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். ஏவா ஸ்மித் என்ற இளம்பெண் நஞ்சருந்தி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்கிறார். யார் அவள், எங்களுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். ஒவ்வொருவராக விசாரிக்கிறார். சம்பந்தம் எல்லோருக்கும் இருக்கிறது.

வாரச் சம்பளம் இருபத்திரண்டரை ஷில்லிங். அதை இருபத்தைந்தாக்கக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் முன்நின்றவள் என்று பேர்லிங் அவளை ஆலையிலிருந்து நீக்கியவர். பிறகு அவள் ஓர் உடுப்புக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். ஷீலா ஓர் உடுப்பைப் போட்டுப் பார்க்கையில் அவள் சிரித்துவிட்டாள். கடை முகாமையாளரிடம் ஷீலா முறையிட்டு, அந்த வேலையும் போகிறது. ஜெரால்ட் சில மாதங்கள் வைத்திருந்து கைவிடுகிறான். மகன் எரிக் அவளைக் கர்ப்பிணியாக்குகிறான். கடைசியில் உதவி கேட்டு அவள் போன பெண்கள் தர்மச் சங்கத்தில், மனுவை நிராகரிக்கச் செய்தவர் திருமதி பேர்லிங்.

இந்நாடகம் எழுதப்பட்டது இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில். முதலில் மேடையேறியது 1945இல் சோவியத் நாட்டில். இலண்டனில் 1946இல்தான். எழுதியவரின் நோக்கம் ஒளிவுமறைவில்லாதது. போருக்கு முந்திய அந்த முதலாளித்துவ உலகம் திரும்பி வரக்கூடாது, ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதுதான் அவர் கட்சி. நாடகம் கொஞ்சம் பிரசங்கம் செய்கிறது என்று விமர்சகர்கள் குறை சொல்வதுண்டு. செய்கிறதுதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நானும் பிரசங்கம் செய்திருக்கிறேன், கேட்க ஆளில்லாமல்.

ஏவா ஸ்மித்தின் வேலைநிறுத்தத்தை வாசிக்கும்போது கண்டிக்காரியான எனக்குப் பிரம்லி நினைவுக்கு வருவதில்லை. முல்லோயா நினைவுக்கு வரும். இங்கிருந்து தலாத்துஓயாவைத் தாண்டி ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் வரும் தோட்டம். 16 சதச் சம்பள உயர்வு கேட்டு அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். பிரீஸ்ட்லி தம் நாடகத்தை எழுதுவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன் நடந்தது இது. நம் கல்லூரியில் அப்போது படித்த அக்காமாரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? பதினொரு வருடம் இங்கே வரலாறு படித்த எனக்கு அது பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அங்கும் பாடத்தில் அல்ல, விடுதி அறையில் ஒரு தோழி சொல்லி.

இரண்டரை ஷில்லிங், பதினாறு சதம். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று தோட்டங்களில் வருடக்கணக்காகக் கேட்டு, 2021இல் வர்த்தமானியில் வந்தபோது அந்த ஆயிரம் எதற்குக் காணும் என்று இருந்ததும் நமக்குத் தெரியும். தேயிலை விலையையும் தோட்டக் கம்பனிகளின் கணக்கையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது ஹீமோகுளோபின் கணக்கு. தோட்டத்திலிருந்து பிரசவத்துக்கு வரும் தாய்மாரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் சம்பளச் சீட்டைப் பார்த்த மாதிரி.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

என்னைப் போல இங்கே பலர் நகரத்துக் கடைக்காரரின் பிள்ளைகள். என் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அப்பாவுக்குக் கொழும்புத் தெருவில் புடைவைக் கடை. தோட்டத்துச் சனங்களின் முன்னோரும் அதே பக்கங்களிலிருந்து, அதே மன்னார் வழியாகத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். பாதையிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். தாத்தா ரயிலில் வந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் 'தோட்டக்காட்டுச் சனம்' என்ற சொல் சோறு, கறி என்ற சொற்களைப் போலப் புழங்கியது. அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போனவர்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவர்கள்.

எனக்குப் பதினாலு வயதாயிருந்தபோது எங்கள் வீட்டில் என் வயதிலேயே ஒரு பிள்ளை வேலைக்கு இருந்தாள். கலஹாப் பக்கத்துத் தோட்டம். அவள் பெயரை இங்கே சொல்லமாட்டேன். என் பழைய உடுப்பைத்தான் உடுத்தாள், எனக்குப் பிறகுதான் சாப்பிட்டாள், குசினிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். ஒரு நாள் என் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், பென்சிலால் அவள் பெயர். மேலிருந்து கீழே பக்கம் நிறைய எழுதியிருந்தாள். முதல் வரிகளில் எழுத்து கோணல். போகப் போக நேராகியிருந்தது. நான் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன். கொப்பியைப் பழுதாக்கிவிட்டாள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அடிக்கச் சொல்லவில்லை, அனுப்பச் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவளை அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. புத்தகத்தில் கைவைக்கத் தொடங்கினால் இனி வேலை ஓடாது என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வந்தாள்.

அடுத்த வருடம் ஆசிரியை எனக்குத் தந்த பாத்திரம் ஷீலா.

ஒத்திகையில் உடுப்புக்கடைக் காட்சி வரும்போதெல்லாம் எனக்குக் குரல் அடைத்துவிடும். ஆசிரியை மெய்மறந்து, பார், இதுதான் நடிப்பு என்று மற்றவர்களுக்குக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பரிசளிப்பு விழாவில் சிறந்த நடிகைக்கான கிண்ணம் கிடைத்தது. அது இன்னும் அம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. முப்பது வருடமாக நான் யாருக்கும் சொல்லாததை இன்று முந்நூறு பேருக்கு முன்னால் சொல்கிறேன். என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவளைத் தேடிப் போகவேண்டும் என்று இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ தடவை நினைத்தேன், போகவில்லை.

எங்கள் நாடகத்தில் இன்னொரு பாத்திரம் உண்டு. எட்னா, பேர்லிங் வீட்டு வேலைக்காரி. விருந்து மேசையைத் துப்புரவாக்குவாள், இன்ஸ்பெக்டர் வந்திருப்பதைச் சொல்வாள், போவாள். அந்த வேடம் எங்கள் வகுப்பில் யாருக்குப் போனது? விடுதியில் தங்கி உதவிப் பணத்தில் படித்துக்கொண்டிருந்த, தோட்டத்திலிருந்து வந்த ஒரே தோழிக்கு. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆசிரியை நல்லவர், அவளில் பிரியமும் உள்ளவர். வேடங்களைப் பங்கிட்டு முடிந்தபோது அது அவளுக்கு முன்னால் வந்து நின்றது, அவ்வளவுதான். வர்க்கப் பிரிவினையைப் பற்றிய நாடகத்துக்கு நாங்கள் வேடம் பிரித்த விதம் அது.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து ஆசிரியை ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். அவள் எழும்பி, "மிஸ், இன்ஸ்பெக்டர் ஏன் எட்னாவை விசாரிக்கவில்லை?" என்றாள். எட்னாவுக்கு இதில் சம்பந்தமில்லையே என்றார் ஆசிரியை. "இல்லை மிஸ், அந்த ஊரில் ஏவாவைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் எட்னாதானே?" என்றாள்.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மணி அடித்தது.

இந்நாடகத்தைப் பற்றி எத்தனையோ வாசித்துவிட்டேன். இப்படியொரு கேள்வியை வேறெங்கும் சந்திக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். ஏவா ஸ்மித் மேடைக்கு வருவதே இல்லை. அவளுக்கு ஒரு வசனம் இல்லை. அவளை நாம் அறிவது அவளுக்குத் தீங்கு செய்தவர்களின் வாய்வழியாகத்தான். அவள் அழகி, நல்லவள், மானமுள்ளவள், திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் வேண்டாமென்றவள். எல்லாம் அவர்கள் சொல்வது. அவள் பக்கம் நிற்கும் எழுத்தாளரும் அவளைப் பேசவிடவில்லை. அவளைப் போல ஒருத்தி மேடையில் இருந்தும் அவளிடம் எதுவும் கேட்கப்படவில்லை. பிரீஸ்ட்லியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு விடயத்தில் என் தோழி அவரை முந்திவிட்டாள்.

நாங்கள் ஒத்திகை பார்த்த அந்த 1995ஆம் ஆண்டு இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது; ஒரு லட்சம் பேருக்கு சுமார் 47 பேர். மேடையில் ஏவா என்று நாங்கள் அழுதுகொண்டிருந்த அதே நேரம் சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் ஏவாக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. மருத்துவப் பயிற்சியில் வார்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அங்கே நாங்கள் கேட்கப் பழகிய கேள்விகள் மூன்று. என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. உயிரைக் காப்பாற்ற அவை போதும். ஏன் என்பதற்கு நோயாளியின் டிக்கெட்டில் ஒரு சொல் எழுதுவோம். குடும்பத் தகராறு. காதல் விவகாரம். ஏச்சு வாங்கியது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழு நாடகம் இருக்கும். அதைக் கேட்க எங்களுக்கு நேரமில்லை, பக்கத்துக் கட்டிலில் அடுத்தவர்.

ஒரு பிள்ளை நினைவில் நிற்கிறாள். பதினாறு பதினேழு வயதிருக்கும். அவளைக் கொண்டுவந்தவர் அவள் வேலைசெய்த வீட்டு அம்மா. நன்றாக உடுத்தியவர், உண்மையாகவே பதறிப்போயிருந்தார். "எங்கட பிள்ளை மாதிரித்தான் டொக்டர் வைச்சிருந்தம்" என்று மூன்று தடவை சொன்னார். அந்த வசனம் எனக்குப் பழக்கமானது; எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்வோம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மறுநாள் தகப்பன் வந்தார், கம்பளிச் சுவெட்டரோடு, கையில் ஒரு பிஸ்கட் பக்கெற்று. மகளைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது ஒன்றுதான்: "டொக்டர் அம்மா, பிள்ளை எப்ப வேலைக்குப் போகலாம்?" அந்தக் கேள்விக்கு எங்களுக்கு வகுப்பில் பதில் சொல்லித்தரவில்லை. அவரைக் கோபிக்கவும் முடியாது. அவருடைய வீட்டுக் கணக்கை நான் பார்த்ததில்லை.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த ஒரு சிறுமி கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் தீக்காயமடைந்து ஆஸ்பத்திரியில் இறந்தபோது நாடே பேசியது. ஊர்வலங்கள் போயின, நாமும் வட்ஸ்அப்பில் மெழுகுதிரி ஏற்றினோம். அந்த வருடம்தான் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் பதினாறாக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் அந்த வீட்டைத்தான் பார்த்தோம். அந்த வீடு வரை அவளைக் கொண்டுவந்த பாதையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வரவில்லை.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வைத்தியர் என்றாலே இப்படித்தான் என்பீர்கள். 1995இல் 47ஆக இருந்த அந்த வீதம் அடுத்த இருபது வருடத்தில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட இறங்கியது. பெரிய காரணம், மிகக் கொடிய பூச்சிகொல்லிகளையும் களைநாசினிகளையும் அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் மாத்திரம் மூன்று முக்கியமானவை. பேராதனையில் நஞ்சியல் ஆய்வு செய்தவர்களின் உழைப்புக்கும் அதில் பங்குண்டு. பிரீஸ்ட்லி மனிதருடைய வெட்கத்தை நம்பினார். வெட்கப்பட்டால் திருந்துவார்கள் என்று. நான் வர்த்தமானியை அதிகம் நம்புகிறேன். யாருடைய மனச்சாட்சியும் விழிக்கும் வரை காத்திராமல் அது ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனால் வர்த்தமானி 'ஏன்' என்று கேட்காது. அதைக் கேட்க ஆட்கள் வேண்டும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்று: மனம் தாங்காத நேரம் வந்தால், அல்லது உங்கள் தோழிக்கு வந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். யாரும் ஏசமாட்டார்கள்.

இப்போது திருமதி பேர்லிங்கிடம் வருகிறேன். தலைவி அக்கா என்னைச் சற்றுக் கலவரத்தோடு பார்க்கிறார். பயப்பட வேண்டாம் அக்கா, குற்றவாளி நான்தான்.

நாடகத்தில் எனக்கு மிகப் பயமான பாத்திரம் அவர். கணவர் பணத்துக்காகச் செய்தார், பையன்கள் ஆசைக்காகச் செய்தார்கள், மகள் பொறாமையில் செய்தாள். அம்மா மட்டும் தர்மத்தின் பெயரால் செய்தார். உதவி கேட்டு வந்தவள் தன் பெயரைத் திருமதி பேர்லிங் என்று சொன்னாளாம். அதைக் கேட்டதும் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பொய்க்காரி, மரியாதை தெரியாதவள் என்று முடிவுகட்டி, குழுவிலுள்ள மற்றவர்களையும் தம் பக்கம் இழுத்துவிடுகிறார். கடைசிவரை தாம் செய்தது சரியென்றே நிற்கிறார். குழுவின் கடமை தகுதியானவர்களுக்கு உதவுவது அல்லவா?

சில வருடங்களுக்கு முன் நம் சங்கத்தின் கல்வி உதவிக் குழுவில் நான் இருந்தேன். விடுதிப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறோம், உங்கள் பணம். உயர்தரம் படிக்க ஒரு பிள்ளை விண்ணப்பித்திருந்தாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், கிராம சேவகர் கடிதத்தில் மூன்றாவது. தகப்பன் பெயர் இருந்த இடத்தில் ஓரிடத்தில் மாமன் பெயர். நேர்முகத்துக்குக் கூப்பிட்டோம். ஐந்து பேர் மேசைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நின்றபடி. கதிரையைக் காட்ட எங்களுக்குத் தோன்றவில்லை. இதில் எது உண்மைப் பெயர் என்று கேட்டது நான். "எல்லாமே என் பெயர்தான், மிஸ்" என்றாள். அழவில்லை, தலையைக் குனியவுமில்லை. அந்தப் பதிலில் ஒரு திமிர் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆவணங்களைச் சீர்செய்துகொண்டு வரட்டும் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்கள் பதிவுச் சான்றிதழில் எப்படி எழுதப்படுகின்றன என்பதை நான் ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்கிறேன். பதிவாளர் காதில் விழுந்தது ஒன்று, எழுதியது ஒன்று. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போனால் பிள்ளை மாமன் பெயரில் பள்ளிக்கூடம் சேருவாள். மருந்துச் சீட்டில் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் மருந்து எழுதுகிற நான், அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டேன். மூன்று மாதம் கழித்து விடுதிப் பொறுப்பாளரிடம் தற்செயலாக விசாரித்தபோது, அவள் அந்தத் தவணையே நின்றுவிட்டாள் என்றார். கொழும்புக்குப் போயிருக்கலாம் என்றார். அவளுடைய மூன்று பெயருக்கும் காரணம் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொறுப்பாளருக்குத் தெரியும், வகுப்பாசிரியைக்குத் தெரியும், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எட்னாவிடம் யாரும் கேட்கவில்லை.

நாடகத்தின் முடிவு நினைவிருக்கும். இன்ஸ்பெக்டர் போன பிறகு ஜெரால்ட் ஒரு கணக்குப் போடுகிறான். அப்படியொரு இன்ஸ்பெக்டரே பொலிசில் இல்லை. நமக்குக் காட்டிய புகைப்படத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பார்த்தோம். ஒரே பெண் என்பதற்கு என்ன அத்தாட்சி? நாலைந்து வெவ்வேறு பெண்களாக இருக்கலாமே! ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள், அங்கே இறந்தவர் யாருமில்லை. உடனே எல்லோருக்கும் உயிர் வருகிறது, சிரிக்கிறார்கள், திரும்பக் குடிக்கிறார்கள். ஷீலாவுக்கும் எரிக்குக்கும் மட்டும் சிரிக்க முடியவில்லை. அப்போதுதான் தொலைபேசி மணி அடிக்கிறது.

பதினைந்து வயதில் அந்த மணியில்தான் எனக்குப் புல்லரித்தது. இப்போது புல்லரிப்பது ஜெரால்டின் கணக்கில். வெவ்வேறு பெண்கள் என்றால் குற்றம் குறைந்துவிடுமா? ஒருத்திக்கு ஐந்து பேர் செய்த தீங்கு, ஐந்து பெண்களுக்கு ஐந்து பேர் செய்ததாக மாறினால் கணக்கு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் மனசு அப்படிக் கணக்குப் பார்க்காது. என் வீட்டுப் பிள்ளை வேறு, வார்டில் இருந்த பிள்ளை வேறு, மூன்று பெயர் வைத்திருந்த பிள்ளை வேறு. ஆகவே நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. முப்பது வருடம் அந்தக் கணக்கில்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்னாவாக நடித்த தோழி இப்போது ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறார். இந்த உரையைத் தயாரிக்கும்போது அவரைத்தான் தொடர்புகொண்டேன். தம்மை மேடைக்குக் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்து இங்கே எங்கேயோ இருக்கிறார். நான் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அழுதது போதும், அந்த விண்ணப்பப் படிவத்தை அனுப்பு பார்ப்போம்" என்றார். அனுப்பினேன். நாலு பக்கப் படிவத்தில் சிவப்புப் பேனாவால் வெட்டி ஒன்றரைப் பக்கமாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறார். நேர்முகத்தை முற்றாக வெட்டிவிட்டார். பெயர் வேறுபாடு இருந்தால் காரணத்தை வகுப்பாசிரியையோ விடுதிப் பொறுப்பாளரோ இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று சேர்த்திருக்கிறார். சான்றிதழைத் திருத்த வேண்டியிருந்தால் பிள்ளை அலையக்கூடாது, சங்கம் ஒருவரை மாவட்டச் செயலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அவர் சேர்த்ததுதான். குழுவில் தோட்டப்புறத்திலிருந்து வந்த பழைய மாணவிகள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதை நான் சேர்த்தேன். அதற்கு அவர் பக்கவாட்டில் 'மூவர்' என்று எழுதியிருக்கிறார்.

நூற்றாண்டு வளைவு கட்டுவதற்கு நான் எதிரியல்ல. அதற்குச் சேர்ந்த பணத்தில் கையும் வைக்கவில்லை. இந்தப் படிவத்துக்குப் பணம் வேண்டியதில்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம். நிகழ்ச்சிநிரலில் ஏழாவதாக இதைச் சேர்த்துக்கொள்ளச் செயலாளர் அக்கா சம்மதித்திருக்கிறார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரதிகள் எடுத்து வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மலரில் இதை வாசிப்பவர்கள் சங்கத்துக்கு எழுதினால் அனுப்பிவைப்பார்கள். இப்போது போய் ஒன்றை எடுத்து, பேனாவோடு வாசித்துவிட்டு வாருங்கள். வெட்டுவதற்கு இன்னும் இடமிருக்கிறது என்றுதான் என் தோழி சொல்கிறார்.